ஐந்தாவது விடை

ஒரு கேள்வி. மென்பொருளை வாடிக்கையாளரிடம் ஒப்படைக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அவர்கள் தரப்பில் ஒரு முக்கியஸ்தர் போன் செய்து புதிதாக ஒரு வசதியைச் சேர்க்கச் சொல்கிறார். தேதி மட்டும் மாறக்கூடாது என்கிறார். திட்ட மேலாளர் முதலில் என்ன செய்ய வேண்டும்?

அ) சரியென்று ஒப்புக்கொண்டு குழுவிடம் வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஆ) ஒப்பந்தத்தில் இல்லை என்று மறுத்துவிட வேண்டும். இ) குழுவோடு உட்கார்ந்து, இந்த மாற்றத்தால் நாள், பணம், தரம் மூன்றும் என்ன ஆகும் என்று கணக்குப் பார்த்து, மாற்றங்களுக்கென்று இருக்கும் முறைப்படி முன்வைக்க வேண்டும். ஈ) உடனே மேலதிகாரியிடம் கொண்டுபோக வேண்டும்.

பிஎம்பி தேர்வுக்கு ஒரு வாரம் படித்தவர்கூட யோசிக்காமல் 'இ' என்பார். அதுதான் சரி. கேள்வி நான் எழுதியது, ஆனால் அச்சு தேர்வில் இருப்பதுதான். 'முதலில் என்ன செய்ய வேண்டும்', 'அடுத்து என்ன செய்ய வேண்டும்' என்று முடியும் இந்த மாதிரிக் கேள்விகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதுதான் பிஎம்பிக்குப் படிப்பது என்றாகிவிட்டது.

பன்னிரண்டு வருடமாக மென்பொருள் வேலையில் இருக்கிறேன். கேள்வியில் வரும் சூழல் எனக்கு அத்துப்படி. ஆனால் நடந்து பார்த்த விடை அந்த நான்கில் ஒருமுறைகூட இருந்ததில்லை. நான் பார்த்தது ஐந்தாவது விடை: அந்த போன் மேலாளருக்கு வரவே வராது. அவருக்கு மேலே இரண்டு படி தள்ளி உள்ள ஒருவருக்கு வந்து, அவர் அங்கேயே சரி சொல்லி முடித்திருப்பார். நம் மேலாளருக்கு விஷயம் தெரிவது வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஒரு மின்னஞ்சலின் சிசியில். அதன்பிறகு அவர் கையில் இருப்பது ஒரே ஒரு வாக்கியம்: "இந்த வீக்கெண்ட் மட்டும் கொஞ்சம் பாத்துக்கலாம்பா."

இந்தக் கட்டுரை அந்த ஐந்தாவது விடையைப் பற்றியது. பிஎம்பி மேலாண்மை அறிவைச் சோதிக்கிறது என்று சொல்கிறார்கள். என் கணக்கில், மேலாளருக்கு அதிகாரம் இருக்கும் ஓர் உலகத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதைத்தான் அது சோதிக்கிறது. நம்மில் பெரும்பாலானோர் அந்த உலகத்தில் வேலை பார்க்கவில்லை. கையில் இல்லாத அதிகாரத்துக்கான பாடத்தை நம் காசில் நம்மையே படிக்க வைத்துவிட்டு, பிறகு வேலை சொதப்பினால் "சர்டிஃபிகேட் இருக்கு, ஆனா மேனேஜ் பண்ணத் தெரியல" என்று நம் தலையிலேயே கட்டுவதற்கு அது வசதியாக இருக்கிறது. இதுதான் என் குற்றச்சாட்டு.

முதலில் ஒரு விஷயத்தைத் தீர்த்துவிடுகிறேன். நான் பிஎம்பி எழுதித் தேறியவன். எட்டாத பழம் புளிக்கிறது என்கிற கதை இங்கே ஓடாது.

*

யாருக்காக எழுதுகிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். ரிஷிவந்தியம் ஒன்றியத்தில், எங்கள் ஊரைச் சுற்றி, வீட்டில் முதல் ஆளாகப் பொறியியல் முடித்த பையன்களும் பெண்களும் நிறைய. கோவிட் சமயத்தில் மடிக்கணினியோடு ஊர் திரும்பியவர்களில் சிலர் இன்னும் வாரத்தில் பாதி நாள் இங்கிருந்துதான் வேலை பார்க்கிறார்கள். வேலைக்குப் போய் ஐந்தாறு வருடம் ஆனதும் எல்லாருக்கும் ஒரே சந்தேகம் வருகிறது. "அண்ணா, பிஎம்பி போட்டா ஆன்சைட் கெடைக்குமா?" "அண்ணா, கோடிங்லயே இருந்தா நாப்பது வயசுக்கு மேல தூக்கிருவாங்களாமே, பிஎம்பி எழுதிட்டா சேஃப்தானே?" கேட்பவர்கள் முகத்தில் இருப்பது படிப்பு ஆசை இல்லை, பயம். வீட்டுக் கடனும் தங்கை கல்யாணமும் கலந்த பயம். அந்தப் பயத்தை நம்பித்தான் ஒரு பயிற்சித் தொழிலே நடக்கிறது.

அந்தத் தொழில் விற்பது என்ன? பிஎம்ஐ என்பது 1969இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட அமைப்பு. பிஎம்பி தேர்வை 1984இலிருந்து நடத்துகிறது. நான்கு வருடப் பட்டம் பெற்றவர் என்றால், குறைந்தது 36 மாதம் திட்டங்களை முன்னின்று நடத்திய அனுபவம் வேண்டும். பட்டம் இல்லை, பள்ளிப்படிப்பு மட்டும்தான் என்றால் 60 மாதம். இரண்டு பேருக்கும் 35 மணி நேரப் பாடம் கட்டாயம். இந்த 35 மணி நேரம்தான் சந்தை: இரண்டு வார இறுதி, நான்கு நாள், ஆன்லைனில் ஓடும் வகுப்பு. அதற்கு மேல் டாலரில் தேர்வுக் கட்டணம். அதற்கு மேல் மாதிரித் தேர்வுகளுக்குத் தனிச் சந்தா. 2021 ஜனவரியில் தேர்வு மாறியபோது 180 கேள்வி, 230 நிமிடம் என்று ஆனது. எத்தனை மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி என்று வெளியே சொல்ல மாட்டார்கள். இலக்குக்கு மேல், இலக்கில், இலக்குக்குக் கீழ் என்று தரம் மட்டும் வரும். ஒரு வருடத்துக்குள் மூன்று முறை எழுதலாம், ஒவ்வொரு முறையும் பணம் கட்டி. தேறிய பிறகும் முடிவதில்லை. சான்றிதழுக்கு ஆயுள் மூன்று வருடம். அதற்குள் 60 புள்ளிகள் சேர்த்து, மறுபடி பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். ரேஷன் கார்டுகூட இவ்வளவு சீக்கிரம் காலாவதி ஆவதில்லை.

வீட்டிலிருந்தே தேர்வு எழுதலாம் என்று 2020இல் வசதி வந்தது. மூடிய அறை வேண்டும், மேசைமேல் ஒன்றும் இருக்கக்கூடாது, கேமரா ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அறைக்குள் வேறு ஆள் வரக்கூடாது, வந்தால் தேர்வை அங்கேயே முடித்துவிட அவர்களுக்கு உரிமை உண்டு. ஆடி மாதத்தில் கூழ் ஊற்றும் கோயில் ஸ்பீக்கருக்கும், இரண்டு மணி நேர மின்தடைக்கும், "மாட்டுக்குத் தண்ணி காட்டுனியா" என்று கதவைத் தள்ளிக்கொண்டு வரும் ஆயாவுக்கும் நடுவில் அப்படி ஓர் அறையை எங்கள் பக்கத்தில் தேடிப் பாருங்கள். கடைசியில் எல்லாரும் சென்னைக்கோ பெங்களூருக்கோ ராத்திரி பஸ் ஏறி, தூங்காத கண்ணோடு போய்த்தான் எழுதுகிறார்கள்.

இதெல்லாம் சில்லறைக் குறைகள். கட்டணம் குறையலாம், தேர்வு மையம் கள்ளக்குறிச்சிக்கே வரலாம். என் சண்டை வேறு இடத்தில்.

*

பயிற்சி வகுப்பில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது ஒன்று உண்டு: "உங்க ஆபீஸ்ல எப்படிச் செய்றீங்கன்னு யோசிக்காதீங்க. பிஎம்ஐ எப்படி யோசிக்கும்னு யோசிங்க." இதற்கு 'மைண்ட்செட்' என்று பெயர். எந்த வகுப்பில் சேர்ந்தாலும், எந்த யூடியூப் காணொளியைப் பார்த்தாலும் இந்த மைண்ட்செட்தான் மந்திரம். மேலதிகாரியிடம் ஓடாதே, முதலில் நீயே ஆராய். யாரையும் குற்றம் சொல்லாதே, குழுவோடு பேசு. எதையும் ஆவணத்தில் பார், ஆவணத்தில் ஏற்று. தடைகளை நீக்கு, கட்டளை போடாதே.

அத்தனையும் நல்ல அறிவுரை, மறுக்கவில்லை. ஆனால் இந்த ஏற்பாட்டில் உள்ள வேடிக்கையைக் கவனியுங்கள். மூன்று வருட அனுபவம் இருந்தால்தான் உள்ளே விடுவேன் என்கிறது விண்ணப்பம். அந்த அனுபவத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா என்கிறது பயிற்சி. சமையல் தெரிந்தவரை மட்டும் சேர்த்துக்கொண்டு, "வீட்டுல சமைச்சதை மறந்துட்டு உக்காரு" என்று சொல்லும் கல்யாணப் பந்தி மாதிரி. அந்த மூன்று வருடத்தில் ஒருவர் உண்மையில் கற்றது என்ன? எந்தக் கிளையன்ட்டிடம் எந்த நேரத்தில் பேச வேண்டும், தேதியைத் தூக்கிப்போட்டவரின் மானம் போகாமல் அதை எப்படி இரண்டு வாரம் தள்ள வேண்டும், பிரசவ விடுப்பில் போகப்போகும் பெண்ணின் வேலையை அவளைக் குற்றவாளி ஆக்காமல் எப்படி மாற்றிக் கொடுக்க வேண்டும், எந்த ஆள் சரி என்றால் சரி, எந்த ஆள் சரி என்றால் இல்லை. அதிகாரம் இல்லாத இடத்தில் வேலையை நகர்த்தும் வித்தை இது. மேலாண்மை என்று ஒன்று நம் அலுவலகங்களில் இருக்கிறது என்றால் அது இதுதான். தேர்வில் இதற்குக் கேள்வி இல்லை. இதை நம்பி விடை எழுதினால் தோற்றுப் போவீர்கள்.

தேர்வில் வரும் மேலாளரை நினைத்துப் பாருங்கள். அவர் கேட்டால் செலவுக் கணக்கு வருகிறது. அவர் கூப்பிட்டால் ஸ்பான்சர் வந்து உட்காருகிறார். மாற்றம் வேண்டும் என்று யாராவது சொன்னால் அது ஒரு குழுவுக்குப் போய், அந்தக் குழு கூடி, முடிவு எழுதப்பட்டு வருகிறது. அதுவரை அனைவரும் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். அந்த மனிதரை நான் பார்க்க ஆசைப்படுகிறேன். சேவை நிறுவனங்களில் திட்டம் நம் கைக்கு வரும்போதே தேதி, ஆள் எண்ணிக்கை, மணிக்கு எத்தனை டாலர் என்ற மூன்றும் விற்பனைப் பிரிவில் பேசி முடித்து, கையெழுத்தாகி வந்துவிடுகிறது. மிச்சம் இருப்பது நம் தூக்கம் ஒன்றுதான். அதைத்தான் மேலாளர் 'மேனேஜ்' செய்கிறார்.

மதிப்பீட்டுச் சூத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். பிஎம்பி படித்த எல்லாருக்கும் பெர்ட் கணக்கு தெரியும். எல்லாம் நல்லபடி நடந்தால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை நாள், எல்லாம் கெட்டுப்போனால் எத்தனை நாள். நடுவிலுள்ளதை நான்கால் பெருக்கி, மூன்றையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். நல்லபடி 10, வழக்கம் 15, மோசம் 32 என்றால், 10 கூட்டல் 60 கூட்டல் 32, மொத்தம் 102, ஆறால் வகுத்தால் 17 நாள். பத்தாம் வகுப்புக் கணக்கு. கூட்டத்தில் 17 என்று சொல்லிப் பாருங்கள். "அந்த 32 எங்கேருந்து வந்துச்சு? அப்படி எதுவும் நடக்காது, எடுத்துடுங்க. பத்துல முடியும்னு கிளையன்ட்டுக்குச் சொல்லியாச்சு." சூத்திரம் தெரியாததால் இந்தக் கூட்டம் தோற்கவில்லை. அந்த அறையில் எல்லாருக்கும் சூத்திரம் தெரியும், பலருக்குச் சான்றிதழும் உண்டு. மோசமான எண்ணை வாய்விட்டுச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை, அவ்வளவுதான். அதை எந்த 35 மணி நேரமும் சொல்லித் தராது.

*

இந்தப் பெர்ட்டுக்கு ஒரு கதை இருக்கிறது. 1957இல் டூபான்ட் ரசாயன நிறுவனமும் ரெமிங்டன் ராண்ட் கணினி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய 'கிரிட்டிகல் பாத்' முறையும், 1958இல் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கிய பெர்ட் முறையும்தான் இன்றைய திட்ட மேலாண்மைப் பாடங்களின் மூதாதைகள். போலாரிஸ் குறித்த காலத்துக்கு முன்னாலேயே முடிந்தது. பெர்ட்டால்தான் முடிந்தது என்று உலகமே நம்பியது. ஹார்வி சபோல்ஸ்கி என்ற அரசியல் அறிஞர் அந்தத் திட்டத்தை ஆராய்ந்து 1972இல் ஒரு புத்தகம் எழுதினார். ஏவுகணை உருவானதில் பெர்ட்டின் பங்கு மிகக் குறைவு என்பது அவர் கண்டது. வேலை செய்த பொறியாளர்கள் பலர் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. ஆனால் சுவரில் தொங்கிய அந்த வரைபடங்கள் வேறொரு காரியம் செய்தன. வாஷிங்டனிலிருந்து வந்த அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் அதைப் பார்த்து அசந்துபோய், "இவங்க சரியாத்தான் நடத்துறாங்க" என்று நம்பித் தலையிடாமல் திரும்பிப் போனார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு நிம்மதியாக வேலை செய்ய இடம் கிடைத்தது.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கோபமும். பிறந்த வீட்டில் பெர்ட் ஒரு கேடயம். மேலே இருப்பவர்கள் உள்ளே கை நீட்டாமல் தடுத்தது. நம் ஊருக்கு வந்து சேர்ந்தபோது கேடயம் சாட்டையாகிவிட்டது. அதே வரைபடம், அதே நிறப் பெட்டிகள். இப்போது மேலே இருப்பவர் நம்மைப் பார்க்கும் ஜன்னல் அது. சிவப்புப் பெட்டி வந்தால் விளக்கம் கேட்டு அழைப்பு வரும். கருவியில் ஒன்றும் மாறவில்லை. அது யார் கையில், யாரைப் பார்த்து இருக்கிறது என்பதுதான் மாறியது. பாடத்திட்டம் கருவியை மட்டும் சொல்லித் தருகிறது, கையைப் பற்றிப் பேசுவதில்லை.

*

கையைப் பற்றி அறிய நான் சிலிக்கான் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டியதில்லை. எங்கள் பக்கம் கரும்பு ஊர். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. கரும்பு என்பது கெடு வைத்த பயிர். பத்துப் பன்னிரண்டு மாதத்தில் முற்றும். முற்றியதும் வெட்ட வேண்டும், வெட்டியதை ஒரு நாளுக்குள் ஆலையில் அரைக்க வேண்டும். தாமதித்தால் காய்ந்து எடை குறையும், சர்க்கரைச் சத்து இறங்கும். இதைவிடத் துல்லியமான 'கிரிட்டிகல் பாத்' எந்த மென்பொருளிலும் இல்லை. இது எந்த விவசாயிக்கும் தெரியும். ஆனால் பதிவு செய்த கரும்பை எப்போது வெட்டுவது என்று அவர் தீர்மானிக்க முடியாது. ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வர வேண்டும். அது தள்ளிப்போனால் கரும்பு பூவெடுத்து நிற்கும், அவர் வரப்பில் நிற்பார். வெட்டு ஆட்களுக்கு மேஸ்திரி முன்பணம் கொடுத்துக் கூட்டி வந்திருப்பார்; வேலை தொடங்கவில்லையென்றால் அந்த ஆட்கள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள்.

வெட்டி அனுப்பிய பிறகாவது அதிகாரம் வருகிறதா? 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, ஆலைக்குக் கரும்பு போய்ச் சேர்ந்த 14 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. தாமதித்தால் ஆண்டுக்கு 15 சதவீதம் வட்டி. இதைவிடத் தெளிவாக ஒரு ஒப்பந்தத்தை எந்த பிஎம்பியும் எழுத முடியாது. அப்படியிருந்தும் தமிழ்நாட்டில் கரும்பு நிலுவைக்காக விவசாயிகள் தெருவில் உட்காருவது செய்தியாகக்கூட இல்லாமல் பழகிப்போய்விட்டது. சட்டத்திலேயே தேதி இருக்கிறது. தேதியை மீறினால் எதிரே இருப்பவருக்கு என்ன நஷ்டம் என்பதில்தான் விஷயம்.

இப்போது அந்த விவசாயியிடம் போய், "உங்களுக்குத் திட்ட மேலாண்மை போதாது, 35 மணி நேரம் படித்தால் சரியாகும்" என்று சொல்லிப் பாருங்கள். என்ன திட்டு விழும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அச்சு அசலாக இதையேதான் மென்பொருள் பொறியாளரிடம் சொல்கிறார்கள், அவரும் தலையாட்டிக்கொண்டு பணம் கட்டுகிறார். கரும்பு விவசாயிக்கு இருக்கும் தெளிவு நமக்கு ஏன் இல்லை? நாம் கூலிக்காரர் இல்லை, 'மேனேஜர்' என்று நம்மிடம் சொல்லிவிட்டார்கள். நாம் நம்பிவிட்டோம்.

இன்னொன்றும் பாருங்கள். சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு ரயில் பாதை. தூரம் சுமார் 16 கிலோமீட்டர். 2000களில் அனுமதி கிடைத்த வேலை. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகவே 2019 நவம்பரில் ஆகிவிட்டது. அப்போதும் ரயில் வரவில்லை. இது அறிவுப் பற்றாக்குறையா? இந்திய ரயில்வேக்குத் தண்டவாளம் போடத் தெரியாதா? நிலம் எடுப்பது ஒருவர் கையில், நிதி ஒதுக்குவது இன்னொருவர் கையில், எதுவும் தாமதமானால் நஷ்டப்படுவது இந்த இரண்டு பேரும் இல்லாத மூன்றாவது ஆள்: பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும் ஜனம். தாமதங்களின் உடற்கூறு எங்கும் இதுதான். முடிவு எடுப்பவர் வேறு, விலை கொடுப்பவர் வேறு. நம் வெள்ளிக்கிழமை மின்னஞ்சலும் இதே வகைதான்.

*

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். நியாயமானவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

"ஒரு பொது மொழி கிடைக்கிறதே" என்பது முதல் வாதம். பெங்களூரில் இருப்பவரும் போலந்தில் இருப்பவரும் 'ரிஸ்க் ரெஜிஸ்டர்' என்றால் ஒரே பொருளை நினைக்கிறார்கள். உண்மை, அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்தப் பொது மொழியின் இலக்கணத்தையும் யாரோதான் தீர்மானிக்கிறார்கள். பிஎம்ஐயின் வழிகாட்டிப் புத்தகத்தை 'பிம்பாக்' என்பார்கள். 2017இல் வந்த ஆறாவது பதிப்பில் 49 செயல்முறைகள். ஒவ்வொன்றுக்கும் உள்ளீடு, கருவி, வெளியீடு என்று அட்டவணை. ஆயிரக்கணக்கானோர் அதை மனப்பாடம் செய்தார்கள். நாலு வருடத்தில் ஏழாவது பதிப்பு வந்தது. 49ம் போய், 12 கொள்கைகள், 8 தளங்கள் என்று ஆனது. அறிவு வளர்வது நல்லதுதான். ஆனால் நேற்றுவரை இதுதான் திட்ட மேலாண்மையின் எலும்புக்கூடு என்று மனப்பாடம் செய்ய வைத்தவர்கள் எலும்புக்கூட்டையே மாற்றும்போது, அந்த மனப்பாடம் எதற்கு என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. இந்தப் பொது மொழியில் தேர்வு எழுதக் கிடைக்கும் மொழிகளில் தமிழ் இல்லை என்பதையும் ஒரு வரியாகச் சொல்லி வைக்கிறேன். கெடு, வாய்தா, அச்சாரம், முன்பணம், தவணை என்று வேலையின் காலத்தையும் பொறுப்பையும் பேச இவ்வளவு சொற்கள் புழங்கும் மொழியில், 'டெட்லைன்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் நாம் போய் அடங்கியிருக்கிறோம். கெடு என்றால் "யார் வைத்த கெடு?" என்ற கேள்வி கூடவே வரும். டெட்லைன் வானத்திலிருந்து விழுகிறது.

"அப்ப மேஸ்திரி முறைதான் ஒசத்தியா?" என்பது இரண்டாவது. இல்லை. மேஸ்திரி கமிஷன் எடுப்பவர். முன்பணம் என்பது பல குடும்பங்களுக்கு வருடக்கணக்கில் அவிழாத முடிச்சு. கல்வராயன் மலையில் ஜாகீர்தார்களின் ஆட்சி 1976 வரை இருந்தது, மலை மக்கள் அவர்களுக்குக் கூலியில்லாமல் வெட்டி வேலை செய்தார்கள். பழைய முறையில் சொர்க்கம் இருந்தது என்று சொன்னால் அந்த மலையில் யாரும் சிரிப்பார்கள். நான் சொல்வது இவ்வளவுதான்: மேஸ்திரியிடம் மாட்டிக்கொண்டவருக்குத் தான் மாட்டிக்கொண்டது தெரியும். அவருக்கு யாரும் அதைத் 'தலைமைப் பண்பு' என்று விற்கவில்லை.

"அனுபவத்தை முறையா அங்கீகரிக்கிறாங்களே, பட்டம் இல்லாதவங்களுக்கும் வழி வச்சிருக்காங்களே" என்பது மூன்றாவது. விதியில் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருந்த பெண்களை நினைத்துப் பாருங்கள். வருகைப் பதிவு, ஆளுக்கு வேலை பிரிப்பது, அளவு, சண்டை தீர்ப்பது, குடிதண்ணீர் எல்லாம் அவர் பொறுப்பு. 2023 ஜனவரி 1 முதல் செல்போன் செயலியில் ஒரு நாளைக்கு இரண்டு முறை தொழிலாளர்களைப் படம் பிடித்து ஏற்றுவது கட்டாயமானது. மலைப்பக்கம் சிக்னல் கிடைக்காமல் படம் ஏறவில்லையென்றால் வேலை செய்தவர்களின் அன்றைய கூலிக்கே ஆபத்து. அந்தக் கோபத்தை எதிரில் நின்று வாங்கியது செயலியை வடிவமைத்தவர் இல்லை, இந்தப் பெண். பொறுப்பு முழுவதும் அவரிடம், அதிகாரம் துளியும் இல்லை. திட்ட மேலாண்மையின் தூய வடிவம் இதுதான் என்பேன். 60 மாத விதிப்படி இவர் விண்ணப்பிக்க முடியுமா? காகிதத்தில் வாதாடிப் பார்க்கலாம். ஆனால் ஆங்கிலமும் டாலரும் 35 மணி நேரமும் சேர்ந்து அந்த வழியை அடைத்துவிடுகின்றன. அங்கீகாரம் என்பது ஏற்கனவே அங்கீகாரம் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் போனஸ்.

நான்காவதுதான் கனமான வாதம்: "நீங்க என்ன வேணா பேசுங்கண்ணா, சம்பளம் ஏறுதே." ஏறலாம். பல டெண்டர்களில், அரசுத் துறை டெண்டர்களிலும்தான், திட்ட மேலாளர் இந்த மாதிரிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறது. எனவே நிறுவனத்துக்கு உங்கள் சான்றிதழ் தேவை. இந்த இடத்தைக் கவனியுங்கள். தேவை நிறுவனத்துடையது. டெண்டர் கிடைத்தால் லாபம் நிறுவனத்துடையது. அப்படியென்றால் கட்டணம், வகுப்பு, மூன்று மாதம் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படித்த நேரம், தோற்றால் வரும் அவமானம் எல்லாம் ஏன் உங்களுடையது? முன்பு தொழிற்சாலைகள் ஆளை வேலைக்கு எடுத்து, சம்பளம் கொடுத்துப் பழக்கின. இப்போது பழகிக்கொண்டு வந்து நில், அதற்கான செலவும் உன்னுடையது என்கிறார்கள். இதற்கு 'அப்ஸ்கில்லிங்' என்று பெயர் வைத்ததும் நாமும் லிங்க்டினில் படம் போட்டு நன்றி சொல்கிறோம்.

*

எனவே தேர்வு எழுத வேண்டாம் என்கிறேனா? இல்லை. ஓட்டுநர் உரிமம் வாங்குகிற மாதிரி வாங்குங்கள். 8 போட்டுக் காட்டித்தான் உரிமம் வாங்குகிறோம். அதனால் சாலையில் யாரும் 8 போட்டு ஓட்டுவதில்லை, உரிமம் வாங்கியதால் சாலைக் குழி மூடுவதும் இல்லை. நிறுவனத்துக்குத் தேவை என்றால் நிறுவனத்தைப் பணம் கட்டச் சொல்லுங்கள், படிக்கும் 35 மணி நேரத்தை வேலை நேரத்தில் கேளுங்கள். தனியாகக் கேட்டால் "நெகடிவ்" என்பார்கள். குழுவில் நாலு பேராகக் கேளுங்கள். ஒருமுறை இலக்குக்குக் கீழே என்று வந்தால், உங்கள் ஐந்தாறு வருட உழைப்பே இலக்குக்குக் கீழே என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்த திட்டம் உங்கள் கைக்கு வரும்போது, மைண்ட்செட்டை ஓரமாக வைத்துவிட்டு நாலு விஷயம் விசாரியுங்கள். இந்தத் தேதியைச் சொன்னது யார்? சொல்வதற்கு முன்னால் வேலை செய்யப்போகும் ஒரு ஆளிடமாவது கேட்டாரா? தேதி தவறினால் யாருடைய சம்பளம் அல்லது பதவி உயர்வு பாதிக்கும்? வேலை கூடினால் தேதியை மாற்றும் உரிமை இந்த அறையில் யாரிடம் இருக்கிறது? நாலுக்கும் பதில் கிடைத்தால், சான்றிதழ் இல்லாமலே உங்களால் அந்த வேலையை நடத்த முடியும். கடைசிக் கேள்விக்கு மட்டும் "யாரிடமும் இல்லை" என்று பதில் வந்தால், அங்கே நீங்கள் மேலாளர் இல்லை. கட்டிங் ஆர்டருக்குக் காத்திருப்பவர். அதைத் தெரிந்துகொண்டு வேலை பார்ப்பது வேறு. தெரியாமல் உடம்பைக் கெடுத்துக்கொண்டு, "எனக்குத்தான் மேனேஜ் பண்ண வரல" என்று ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்து அழுவது வேறு. அப்படி அழுதவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நல்ல மேலாளர்களும் இருந்தார்கள்.

கரும்பு விவசாயிகள் நிலுவைக்குச் சங்கம் வைத்தார்கள். தாமதம் தங்கள் தப்பு இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததால்தான் அது முடிந்தது. நாம் இன்னும் தேதி தவறினால் மன்னிப்புக் கடிதம் எழுதும் இடத்திலேயே நிற்கிறோம். அடுத்த வெள்ளிக்கிழமை அந்த மின்னஞ்சல் வரும்போது பதிலாக ஒரு வரி எழுதிப் பாருங்கள்: "இதை ஒப்புக்கொள்வதற்கு முன் எங்களிடம் யாரும் கேட்கவில்லை." கீழே குழுவில் எல்லார் பெயரையும் போடுங்கள்.